சம்மட்டிக்கு ஐந்து நிமிடம்

எங்கள் ஊரில் மூன்று ஆண்கள் ஒரு மேசையில் உட்கார்ந்தால், இரண்டாவது பியர் வருவதற்குள் என் அப்பாவின் பற்கள் பேச்சில் வந்துவிடும். பற்கள் கையெட்டும் தூரத்திலேயே இருப்பது ஒரு வசதி. பைன் ராப்பிட்ஸ் ஓட்டலின் மதுக்கூடத்தில், விஸ்கி பாட்டில்களுக்கு நடுவே ஒரு சின்னக் கண்ணாடிக் கோப்பை. அதற்குள் இரண்டு முன்பற்கள். அடியில் பித்தளைத் தகடு: சம்மட்டி ரைமோ நீமி.

கதை இப்படிப் போகும். ஒரு பனி ஹாக்கி ஆட்டத்தில், எதிரணி ஊரான எல்க் ஃபால்ஸ்காரன் ஒருவனின் மட்டை அப்பாவின் வாயில் பட்டுப் பல் இரண்டும் பனித்தரையில் விழுந்தன. அப்பா குனிந்து பொறுக்கி நடுவரின் சட்டைப் பையில் போட்டார். "பத்திரமா வச்சிரு, ஆட்டம் முடிஞ்சு வாங்கிக்கறேன்" என்றார். பிறகு போய் அந்த எல்க் ஃபால்ஸ்காரனின் மூக்கை உடைத்தார். அன்று ராத்திரி உடைந்த வாயோடு ஒரு பாட்டில் ரம்மைக் காலி செய்துவிட்டு, பனிவண்டியை ஓட்டலுக்குள்ளேயே ஓட்டிக்கொண்டு வந்து மதுக்கூடத்தின் முன்னால் நிறுத்தினார். இந்த இடத்தில் மேசையைத் தட்டிச் சிரிப்பார்கள்.

அதற்குப் பிறகு அவர் வீட்டுக்கும் வந்தார். கதையில் அது கிடையாது. அம்மா அதைப்பற்றி என்னிடம் ஒரே ஒரு முறைதான் சொன்னாள். ரொம்பவும் சொல்லவில்லை, அந்த மாதம் முழுக்கக் கழுத்து மூடிய ஸ்வெட்டர்தான் போட்டிருந்தேன் என்றாள்.

அப்பா கோல் போடுகிற ஆள் இல்லை. அணியில் அவருடைய வேலை அடிப்பது. எதிரணியில் எவனாவது நம் நல்ல ஆட்டக்காரனைச் சீண்டினால், அப்பா கையுறைகளை உதறிக் கீழே போட்டுவிட்டு அவனை அடிப்பார், அவனும் அடிப்பான். அதற்குத் தண்டனை ஐந்து நிமிடம். ஆடுகளத்தின் ஓரத்தில் இருக்கும் கண்ணாடிக் கூண்டுக்குள் போய் உட்கார வேண்டும். நேரம் முடிந்ததும் கதவு திறக்கும், திரும்பி வந்து ஆடலாம். எங்கள் ஊர்க் கரடிகள் அணியிலும், நடுவில் சில வருடம் பெரிய நகரத்து அணியிலும் அப்பா இதைத்தான் செய்தார். ஊர்க்காரர்கள் டிக்கெட் வாங்கியதும் இதைப் பார்க்கத்தான்.

ஐம்பத்தாறு வயதில் அவர் கார் சாவியை ரொட்டிப் பெட்டிக்குள் வைக்க ஆரம்பித்தார். பிறகு வீட்டுக்கு வரும் வழி மறந்தது. பிறகு என் பெயர். தலையில் வாங்கிய அடிகளுக்கு மூளை இப்போது பதில் சொல்கிறது என்றார் டாக்டர். நான் அப்போதுதான் பட்டம் வாங்கியிருந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிய முதல் ஆள் நான். பட்டத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு ஊருக்குத் திரும்பி, அப்பாவின் சட்டைப் பொத்தான்களைப் போட்டுவிடும் வேலையில் சேர்ந்தேன்.

நினைவு நன்றாக இருந்த ஒரு நாளில் அப்பா ஒரே ஒரு விஷயம் கேட்டார். சனிக்கிழமை. வழக்கம்போல வீட்டுக்குப் பின்னால் நீராவி அறையைச் சூடேற்றி, குளித்துவிட்டு வந்து வெளிப்படியில் உட்கார்ந்திருந்தார். உடம்பிலிருந்து ஆவி பறந்துகொண்டிருந்தது. நான் பியர் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"கைசா, நான் முழுசா கெட்டுப் போனப்புறம் இவனுங்க என்னைக் கூப்பிடுவானுங்க. அந்த ஐஸ்ல என்னை நிக்க வச்சுடாத. சிரிப்பானுங்க."

"மாட்டேம்ப்பா."

"சத்தியமா?"

"சத்தியமா."

பிறகு பியரைக் குடித்துவிட்டு, இது யார் வீடு என்று கேட்டார்.

*

பார்னி ஒரு பெட்டி டோனட்டோடு வந்தார். காகித ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கரடிகள் ரசிகர் சங்கத்தின் தலைவர். வயிறு முன்னால் வர, ஆள் பின்னால் வருவார். பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டுச் சமையலறை மேசையில் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அம்மாவைப் பார்த்தார்.

"டெனீஸ், நல்ல சேதி. ரைமோவோட இருபத்தேழாம் நம்பரைக் கூரையில ஏத்தப் போறோம்."

அம்மாவின் கை தன்னால் வாய்க்குப் போனது. எங்கள் ஊரில் அதற்கு மேல் ஒரு மரியாதை கிடையாது. சட்டையைத் துணிப்பதாகையாகத் தைத்து அரங்கத்தின் உத்தரத்தில் தொங்கவிடுவார்கள். அந்த எண்ணை இனி எவனும் போட முடியாது.

"வர்ற ஞாயித்துக்கிழமை மத்தியானம். எல்க் ஃபால்ஸோட ஆட்டம். ரைமோ சும்மா வந்து நடுவுல பக்கைப் போட்டுட்டுப் போனா போதும்." பக் என்றால் மட்டையால் அடிக்கும் ரப்பர் வட்டு; அதைக் கீழே போட்டுத்தான் ஆட்டம் ஆரம்பமாகும்.

"அவர் பக்கத்துலதான உக்காந்திருக்காரு, அவர்கிட்டயே கேளுங்களேன்" என்றேன்.

"ரைமோ! என்னப்பா, வர்றியா?" என்று செவிடரிடம் கத்துவதுபோலக் கத்தினார்.

டோனட்டின் மேலிருந்த சர்க்கரை மணிகளை ஒவ்வொன்றாகக் கிள்ளி வரிசையாக வைத்துக்கொண்டிருந்த அப்பா நிமிர்ந்து சிரித்தார். எது புரியாவிட்டாலும் இப்போதெல்லாம் சிரித்துவிடுகிறார்.

"பாரு, சிரிக்கிறான். சரின்னுட்டான்."

"நேத்து ஃப்ரிட்ஜைப் பாத்தும் இப்படித்தான் சிரிச்சாரு. அதுகிட்டயும் சரின்னுட்டாரா?"

"காலேஜ்ல இப்படிப் பேசத்தான் சொல்லித் தர்றாங்களா?"

"கைசா, வாயை மூடு" என்றாள் அம்மா.

அவர் போன பிறகு அம்மா பாத்திரம் கழுவினாள். நான் துடைத்தேன். அப்பாவுக்குக் கொடுத்த வாக்கைச் சொன்னேன். அவள் திரும்பாமலே பேசினாள்.

"உன்கிட்ட கேட்டுக்கிட்டாரு. என்கிட்ட இத்தன வருஷத்துல என்ன கேட்டாரு? சாப்பாடு எங்க, சாவி எங்க, இவ்வளவுதான்."

"அம்மா, அவங்க சிரிப்பாங்கன்னு பயந்தாரும்மா."

"எனக்கு ஒரே ஒரு நாள் வேணும்டி. இந்த ஊரு மொத்தமும் எந்திரிச்சு நின்னு கைதட்டறப்போ நான் அவர் பக்கத்துல நிக்கணும். அவர் குடிச்சிட்டு வந்த ராத்திரிக்கெல்லாம் சேத்து எனக்கு அது ஒண்ணாவது கிடைக்கட்டும்."

 தட்டை அடுக்கிவிட்டு பார்னிக்கு போன் செய்தேன். இரண்டு நிபந்தனை. நான் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டே நிற்பேன். அடுத்தது, பழைய சண்டைப் படம் எதையும் அந்தப் பெரிய திரையில் போடக் கூடாது.

"மகாராணி சொன்னா சரிதான். ஒரு படமும் கிடையாது, போதுமா?" என்றார் பார்னி.

*

ஞாயிற்றுக்கிழமை அரங்கத்தில் நிற்க இடமில்லை. பாதிப் பேர் இருபத்தேழு போட்ட சட்டையில் வந்திருந்தார்கள். சிலர் முன்பல்லில் கறுப்பு மை பூசியிருந்தார்கள், அப்பா மாதிரி ஓட்டை வாயாகத் தெரிய. அதைப் பார்த்ததுமே நான் அவரைத் திருப்பி அழைத்துக்கொண்டு போயிருக்க வேண்டும். அம்மா புதுக் கோட்டுப் போட்டிருந்தாள். உதட்டுச் சாயம் லேசாகக் கோணியிருந்தது.

பனியின் மேல் சிவப்புக் கம்பளம். அப்பாவுக்குச் சாம்பல் நிறக் கால்சட்டை, மேலே பழைய சட்டை. கை குளிருமே என்று கம்பளிக் கையுறையை நான்தான் மாட்டிவிட்டிருந்தேன். நடக்க நடக்க அவர் முதுகு நிமிர்ந்தது. எந்த ஊர், எந்த வருடம் என்று தெரியாத மனுஷனுக்கு அந்தச் சத்தம் மட்டும் தெரிந்திருந்தது.

"யாரு ஆடறா?" என்று கேட்டார்.

"யாரும் ஆடலப்பா. நீங்க பக்கைப் போட்டதும் வீட்டுக்குப் போயிடலாம்."

அப்போது விளக்கை அணைத்தார்கள். திரையில் அப்பா தெரிந்தார். இளைஞர், தலையில் கவசமில்லை, நெற்றியில் ரத்தம். ஒருவனை அடித்தார். அடுத்தவனை அடித்தார். அடுத்தவனை. ஒவ்வொரு குத்துக்கும் கூட்டம் எண்ணிக் கத்தியது. இருட்டில் பார்னியைத் தேடினேன். அவர் திரையைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

என் பிடியில் இருந்த கை இறுகியது.

விளக்கு வந்தது. பதாகை ஏறியது, எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள், அம்மா அழுதாள். அவளுடைய ஒரு நாள் அவளுக்குக் கிடைத்தது, ஒரு நிமிடம்போல. இரண்டு அணித் தலைவர்களும் சறுக்கி வந்து எதிரெதிரே குனிந்து நின்றார்கள். எல்க் ஃபால்ஸ் தலைவனுக்குப் பத்தொன்பது வயது இருக்கலாம். முகம் நிறையப் பரு. பச்சைச் சட்டை. அந்த ஊர்ச் சட்டையின் பச்சை இன்றுவரை மாறவில்லை.

"உங்களைப் பாத்ததுல ரொம்ப சந்தோஷம், சார்" என்று அப்பாவிடம் கை நீட்டினான்.

அப்பா கையிலிருந்த பக்கைப் போடவில்லை. கையுறைகளைத்தான் கீழே போட்டார். உதறினார், இரண்டும் கம்பளத்தில் விழுந்தன. எங்கள் ஊரில் கையுறை கீழே விழுந்தால் என்ன அர்த்தம் என்று தொட்டில் குழந்தைக்கும் தெரியும். நான் "அப்பா" என்று கத்துவதற்குள் என் கையிலிருந்து திமிறிப் போய்விட்டார். அந்தப் பையனின் சட்டையைப் பிடித்துத் தலைக்கு மேல் இழுத்து அவன் கண்ணை மறைத்தார். திரையில் இப்போது பார்த்தோமே, அதே மாதிரி. வலது கையால் குத்தினார்.

கூட்டம் வெடித்தது. விசில், கூச்சல், "சம்மட்டி! சம்மட்டி!" எல்லாம் வேடிக்கைக்காகச் செய்கிறார் என்று நினைத்தார்கள். அறிவிப்பாளரும் அப்படித்தான் நினைத்தான். "பழைய புலி, பல்லுதான் போச்சு!" என்று மைக்கில் கத்தினான். பையனும் முதலில் சிரித்துக்கொண்டே வாங்கினான். மூன்றாவது குத்தில் அவன் மூக்கிலிருந்து ரத்தம் பனியில் சொட்டியது. அவன் திருப்பி அடிக்கவில்லை. இரண்டு கையையும் அகல விரித்து, யாராவது வாருங்களேன் என்று நின்றான். நான் அப்பாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டேன். துணை நடுவர்கள் வந்து பிரித்தார்கள்.

பிரித்ததும் அப்பா சாதுவாகிவிட்டார். நடுவரிடம் ஒரு வார்த்தை வாதாடவில்லை. திரும்பினார். கம்பளத்தை விட்டு இறங்கி, சாதாரணக் காலணியில் பனியில் சறுக்கிச் சறுக்கி, நேராகக் கூண்டுக்குப் போனார். கூண்டுக் கதவருகே ஆர்வில் நின்றுகொண்டிருந்தார். அப்பா ஆடிய காலத்திலிருந்து அந்தக் கதவுக்கு அவர்தான் ஆள். ரைமோ வருவதைப் பார்த்ததும், யோசிக்காமல், பழக்கத்தில் கதவைத் திறந்தார். அப்பா உள்ளே போய் பெஞ்சில் உட்கார்ந்தார். பழக்கத்தில் ஆர்வில் தாழ்ப்பாளையும் போட்டுவிட்டார்.

கூட்டத்தின் சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. பெரியவர்கள் கண்ணாடியைத் தட்டினார்கள். குழந்தைகளைத் தோளில் தூக்கிக் காட்டினார்கள்.

பார்னி மூச்சிரைக்க ஓடி வந்தார். "ரைமோ, பிரமாதம்டா! போதும், எந்திரி. ஆட்டம் ஆரம்பிக்கணும்."

அப்பா அவரைப் பார்க்கவில்லை. உத்தரத்தில் தொங்கும் கடிகாரத்தைப் பார்த்தார். "அஞ்சு நிமிஷம்" என்றார்.

"அதெல்லாம் வேண்டாம்ப்பா, சும்மா விளையாட்டு."

"அஞ்சு நிமிஷம். ஓடவே இல்லையே?"

கடிகாரம் நின்றிருந்தது. அப்பா காத்திருந்தார். கூட்டமும் கொஞ்ச நேரம் சிரித்துக் காத்திருந்தது. பிறகு சிரிப்பு வற்றியது. மேல்வரிசையிலிருந்து ஒரு குரல், "ஏய், போதும்யா, ஆட்டத்தை ஆரம்பிங்க!" இன்னொரு குரல், "தாத்தாவை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கப்பா!" ஒரு காகிதக் குவளை பறந்து வந்து கண்ணாடியில் பட்டது. பல்லில் மை பூசியிருந்த ஒருவன்தான் எறிந்தான். நான் பார்த்தேன்.

பார்னி காவலாளிகள் இரண்டு பேரைக் கை காட்டி அழைத்தார். "மெதுவா, ஆளுக்கொரு கையா தூக்குங்க."

நான் தாழ்ப்பாளை நீக்கிக் கூண்டுக்குள் போய் அப்பாவின் முன்னால் நின்றேன்.

"தொட்டுப் பாரு."

"பொண்ணே, ரேடியோல போயிட்டிருக்கு, எங்க மானத்தை வாங்காத."

"படம் போட மாட்டேன்னு சொன்னே இல்ல? கடிகாரத்தை ஓட விடு. அஞ்சு நிமிஷம். முடிஞ்சாதான் அவர் வருவாரு."

"உனக்கென்ன பைத்தியமா? இத்தன ஜனம் உக்காந்திருக்கு!"

"அவரைப் பாக்கத்தான எல்லாரும் காசு குடுத்து வந்தீங்க? பாருங்க. முழுசா பாருங்க."

நடுவர் எங்கள் பக்கம் சறுக்கி வந்தார். அப்பாவைப் பார்த்தார். கொஞ்சம் அதிக நேரமே பார்த்தார். பிறகு நேரக் காப்பாளரின் மேசைப் பக்கம் திரும்பி, ஒரு கையை விரித்து ஐந்து விரல்களையும் காட்டினார்.

கடிகாரம் ஓடத் தொடங்கியது.

ஐந்து நிமிடம் இவ்வளவு நீளம் என்பது அதுவரை எனக்குத் தெரியாது. ஊருக்கும் தெரிந்திருக்காது. இசை போடவில்லை. ஆட்டக்காரர்கள் சறுக்காமல் நின்றார்கள். வெளிச்சத்தில், நான்கு பக்கமும் கண்ணாடிக்கு நடுவில், அறுபதைத் தொடாத கிழவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவர் கண் கடிகாரத்தை விட்டு நகரவில்லை. விரல் முட்டியில் தோல் உரிந்திருந்தது. பிறகு சாம்பல் நிறக் கால்சட்டையில் ஒரு கறுப்பு ஈரம், மடியிலிருந்து முழங்கால்வரை மெல்லப் பரவியது. பெஞ்சிலிருந்து சொட்டியது. கண்ணாடி அவ்வளவு சுத்தமாகத் துடைத்து வைத்திருந்தார்கள், கடைசி வரிசைவரை தெரிந்தது.

எங்கோ ஒருவன் சிரிக்க ஆரம்பித்தான். யாரும் சேரவில்லை. பாதியில் நிறுத்திக்கொண்டான்.

நான் கோட்டைக் கழற்றி அப்பாவின் மடியில் போட்டேன். என்னை உற்றுப் பார்த்தார்.

"நீ எந்த டீம்?"

"உங்க டீம்தான்."

"அவன் எந்திரிச்சானா?"

வீட்டில் தூக்கத்திலும் இதைத்தான் கேட்பார். எவனைக் கேட்கிறார் என்று எனக்குத் தெரியாது. இத்தனை வருடத்தில் அவர் அடித்தவர்களில் எவனோ ஒருவன் சீக்கிரம் எழுந்திருக்கவில்லை போலிருக்கிறது. எந்த மதுக்கூடத்திலும் அந்தக் கதையைச் சொல்லி நான் கேட்டதில்லை.

"எந்திரிச்சுட்டாம்ப்பா."

"சரி" என்று கடிகாரத்தைப் பார்த்தார்.

நேரம் முடிந்ததும் ஆர்வில் கதவைத் திறந்தார்.  நான் கோட்டை அப்பாவின் இடுப்பில் கட்டி வெளியே அழைத்து வந்தேன். யாரும் கைதட்டவில்லை. அம்மா கம்பளத்தின் நுனியில் தனியாக நின்றிருந்தாள். அவளைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. சிரிப்பார்கள் என்று அப்பா பயந்தார். கடைசியில் அவர்களை நான் சிரிக்க விடவில்லை. ஆனால் வாக்கைக் காப்பாற்றினேன் என்று எந்த வாயால் சொல்வது?

கார் நிற்கும் இடத்துக்கு அந்த எல்க் ஃபால்ஸ் பையன் ஓடி வந்தான். சறுக்குக் காலணியைக் கழற்றிவிட்டு, வெறும் காலுறையில், மூக்கில் பஞ்சோடு.

"அவருக்கு ஒண்ணுமில்லையே?"

அன்று அந்த அரங்கத்திலிருந்து இதைக் கேட்ட ஒரே ஆள் அவன்தான். அப்பா காரிலிருந்து எட்டி அவன் முகத்தைப் பார்த்தார். பார்த்ததும் அவர் முகம் வாடிவிட்டது.

"யாருடா தம்பி உன்னை அடிச்சது?"

பையன் என்னைப் பார்த்தான். பிறகு அவரிடம், "யாரோ சார். பெரிய ஆளு" என்றான்.

*

அடுத்த வருடம் முதல் பனி விழுவதற்கு முன் அப்பா இறந்தார். சவப்பெட்டியை மூடுவதற்கு முந்தின நாள் மத்தியானம் ஓட்டலுக்குப் போனேன். பார்னியும் அவர் கூட்டமும் எப்போதும் உட்காரும் மேசை. வெளியூர்க்காரன் ஒருவனுக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். பல் கதை இல்லை, புதுக் கதை.

"நம்பர் ஏத்துன அன்னிக்கு வந்தான் பாரு சம்மட்டி! எல்க் ஃபால்ஸ் கேப்டன் கை குடுக்க வர்றான். ஒரே குத்து, மூக்கு போச்சு. அப்புறம் நேரா கூண்டுக்குப் போயி, அஞ்சு நிமிஷம் கம்பீரமா உக்காந்து, எந்திரிச்சுப் போனான்யா. ஊரே அமைதியா பாத்துச்சு. அந்த மாதிரி மரியாதை எவனுக்குக் கிடைக்கும்?"

அதில் 'ஒரே குத்து' என்பதைத் தவிர எதையும் பொய் என்று என்னால் நிரூபிக்க முடியாது. அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

"ஒண்ணை விட்டுட்டீங்க பார்னி" என்றேன்.

திரும்பினார்கள். தொப்பிகளைக் கழற்றினார்கள்.

"அவர் கால்சட்டை நனைஞ்சுதே, அதைச் சொல்லலையே?"

பார்னி கோப்பையைக் கீழே வைத்தார். அவர் கண் நிஜமாகவே கலங்கியது. "அதெல்லாம் எதுக்கு பொண்ணே? செத்துப் போனவனைப் பத்திக் கேவலமா பேசாத."

 மதுக்கூடத்துக்குப் பின்னால் போய், விஸ்கி பாட்டில்களை விலக்கி, கண்ணாடிக் கோப்பையைக் கவிழ்த்துப் பல் இரண்டையும் உள்ளங்கையில் எடுத்துக்கொண்டேன்.

"ஏய், ஏய், அது ஓட்டலோடது!" என்றான் கல்லாவில் இருந்தவன்.

"விடுப்பா, துக்கத்துல இருக்கா" என்றார் பார்னி. அவளாகவே நாளைக்குக் கொண்டுவந்து கொடுத்துவிடுவாள் என்பதுபோலச் சொன்னார்.

பற்கள் லேசாக இருந்தன, பாப்கார்ன் மாதிரி. கதவைத் திறந்து வெளியே கால் வைக்கும்போது, பின்னால் அந்த வெளியூர்க்காரன், "என்னது அது?" என்று கேட்பது காதில் விழுந்தது.

"அது உனக்குத் தெரியாதா?" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார் பார்னி. "அது ஒரு பெரிய கதை."